இத்தாலியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி: டுரின் அணியும் நாதியா மத்திவியும், ஓர் ஆட்டவாழ்வை எதைக் கொண்டு அளப்பது?

(2026 ஒலிம்பிக்குக்கு முன் ஓர் இணைய மன்றத்தில் நடந்த விவாதம். ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்.)

வெண்பனி

2026 பிப்ரவரியில் இத்தாலி மீண்டும் குளிர்கால ஒலிம்பிக்கை நடத்தவிருக்கிறது. நடத்தும் நாடு என்பதால் அதன் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணிக்குத் தகுதிச்சுற்று ஆடாமலே இடம் கிடைத்திருக்கிறது. 2006இல் டுரினிலும் இதே வழியில்தான் இடம் கிடைத்தது. அந்த அணியைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் அது ஓர் எண்ணில் போய் நின்றுவிடுகிறது: தொடக்க விழாவுக்கு மறுநாள், பிப்ரவரி 11 அன்று, கனடா 16–0 என்று இத்தாலியை வென்றது. அதன் பிறகு சுவீடனிடம் 11–0, ரஷ்யாவிடம் 5–1, ஜெர்மனியிடம் 5–2, கடைசியாகச் சுவிட்சர்லாந்திடம் 11–0. ஐந்து ஆட்டங்களில் அடித்தவை 3 கோல்கள், வாங்கியவை 48. எட்டு அணிகளில் எட்டாம் இடம்.

அந்த அணியில் இடம்பெற்ற பெண்களில் பெரும்பாலோரின் விளையாட்டு வாழ்வு, வெளியுலகத்தைப் பொறுத்தவரை, இந்த ஐந்து வரிகளோடு முடிந்துவிட்டது. இணையத்தில் அவர்களது பெயரைத் தேடினால் பிறந்த ஆண்டும் "2006 ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார்" என்ற வாக்கியமுமே கிடைக்கின்றன. பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆடிய ஒருவருக்கு இந்த அளவுகோல் போதாது என்பது என் கருத்து. சிறிய ஹாக்கி நாட்டைச் சேர்ந்த ஆட்டக்காரரை மதிப்பிடும்போது, ஆண்டு முழுவதும் வாரந்தோறும் அவர் எத்தகைய எதிரணியைச் சந்தித்தார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டால், இன்றைய அணியின் முக்கியத் தடுப்பாட்டக்காரரான நாதியா மத்திவி பத்தொன்பது வயதில் எடுத்த முடிவு ஏன் முக்கியமானது என்பதும் விளங்கும். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள்.

மறுகரை

மாற்றுக் கருத்து உண்டு. பெரும்பாலான அணிகள் தரவரிசையாலோ தகுதிச்சுற்றாலோ வந்து சேர்ந்த போட்டியில், நடத்தும் நாடு என்ற ஒரே காரணத்துக்காக ஓர் அணியை நேரடியாக அனுமதித்தால், அதற்குரிய கணக்கையும் அந்த அணி ஏற்கத்தான் வேண்டும். 2006இல் இத்தாலி இடம்பெற்றதால் வெளியே நின்ற நாடு ஒன்று இருந்தது. அந்த நாட்டின் பெண்களுக்கு "ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார்" என்ற ஒற்றை வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை. தாங்கள் வாரந்தோறும் யாரோடு ஆடினார்கள் என்பதைக் கேட்டு அவர்களுக்கு எவரும் சலுகை தரவில்லையே?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 16–0 என்ற தோல்வி ஆடியவர்களுக்கு மட்டும் நேர்ந்தது என்று கருத முடியாது. பெண்கள் ஐஸ் ஹாக்கியை ஒலிம்பிக்கில் வைத்திருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் இத்தகைய ஆட்டங்களே சான்றாகக் காட்டப்படுகின்றன.

கணக்கர்

எண்களைப் பற்றிப் பேசுவதால் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

முதலாவது, 2006இல் பிரிவுகள் அமைக்கப்பட்ட முறை. வலிமையான அணிகளையும் வலிமை குறைந்த அணிகளையும் கலந்து இரண்டு பிரிவுகளாக வைத்தார்கள். இத்தாலி விழுந்த பிரிவில் கனடா, சுவீடன், ரஷ்யா இருந்தன. தங்கப் பதக்கத்துக்கான இறுதி ஆட்டத்தில் மோதியவை கனடாவும் சுவீடனும்தான். கனடா 4–1 என்று வென்றது. அதாவது இத்தாலி தன் முதல் மூன்று ஆட்டங்களில் தங்கம் வென்ற அணியையும் வெள்ளி வென்ற அணியையும் சந்தித்தது. கனடா அந்தத் தொடர் முழுவதிலும் ஐந்து ஆட்டங்களில் 46 கோல்கள் அடித்து 2 மட்டுமே வாங்கியது. ரஷ்யாவையே 12–0 என்று வென்ற அணி அது. எனவே 16–0 என்பது இத்தாலியின் பலவீனத்தை எந்த அளவுக்குக் காட்டுகிறதோ, அதே அளவுக்குக் கனடாவின் வலிமையையும் காட்டுகிறது.

இரண்டாவது, கோல் வித்தியாசம். புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசம் கணக்கில் வரக்கூடும் என்ற விதி இருக்கும் வரை, எந்தப் பயிற்சியாளரும் 8–0 ஆனவுடன் ஆட்டத்தை மெதுவாக்கச் சொல்ல மாட்டார். கனடா இரக்கமில்லாமல் ஆடியது என்று அன்று எழுந்த விமர்சனத்தை நான் அப்படியே ஏற்கவில்லை. இதற்கு இத்தாலியே விடை தந்துவிட்டது. டுரினுக்கு இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு, 2008 செப்டம்பரில் லாட்வியாவின் லியெபாயா நகரில் 2010 ஒலிம்பிக்குக்கான முன்தகுதிச்சுற்று நடந்தது. அதில் பல்கேரியாவை இத்தாலி எத்தனை கோல்களால் வென்றது என்று பாருங்கள்: 41–0. அதே தொடரில் ஸ்லோவாக்கியா பல்கேரியாவை 82–0 என்று வென்று உலகச் செய்தியானதால் இத்தாலியின் 41 மறைந்துபோயிற்று.

தென்முகம்

82–0 என்பதைச் செய்தித்தாளில் படித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். இத்தாலியின் 41ஐ இன்றுதான் அறிகிறேன்.

வெண்பனி

கணக்கருக்கு நன்றி. அந்த 41–0 என் வாதத்துக்கு நேரடியாக உதவுகிறது. டுரினில் 16 கோல்கள் வாங்கிய பெண்களில் சிலரும் அவர்களை அடுத்து வந்தவர்களுமே லியெபாயாவில் 41 அடித்தார்கள். மிக மேலே இருப்பவர்களிடம் பதினாறு வாங்குவது, மிகக் கீழே இருப்பவர்களுக்கு நாற்பத்தொன்று போடுவது என்ற இரண்டுக்கும் இடைப்பட்ட, சமமான எதிரணிகள் நிறைந்த தளம் அவர்களுக்குப் போதிய அளவில் கிடைக்கவில்லை. ஆட்டக்காரர் வளர்வது அந்த இடைத்தளத்தில்தான்.

மறுகரை கேட்ட கேள்வி நியாயமானது. வெளியே நின்ற நாட்டின் பெண்களுக்கும் இதே அளவுகோலை வைக்க வேண்டும் என்பதே என் பதில். டுரின் அணிக்கு மட்டும் தனிச் சலுகை கேட்கவில்லை.

மலைப்பாதை

இத்தாலி என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் விஷயம் பிடிபடாது. இத்தாலியில் ஐஸ் ஹாக்கி நாடு தழுவிய விளையாட்டன்று. ஆல்ப்ஸ் அடிவாரத்துச் சில பள்ளத்தாக்குகளின் விளையாட்டு அது. போல்சானோவைச் சுற்றிய தென் டிரோல், திரெந்தினோ, பெல்லுனோ மாகாணத்தின் அகோர்தோ, அல்லேகே, கோர்த்தினா, வெனெத்தோ மேட்டுநிலத்து அசியாகோ, பியெமோந்தேயில் டுரினும் தோரே பெல்லிச்சேயும் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். 2006 அணிப் பட்டியலில் வால்ட்ரவுட் காசர், காத்தரினா ஸ்பாரர் போன்ற பெயர்களைப் பார்த்து இவர்கள் எப்படி இத்தாலியர் என்று சிலர் வியக்கக்கூடும். தென் டிரோலில் பெரும்பான்மையினரின் தாய்மொழி ஜெர்மன். முதல் உலகப் போருக்குப் பின்னரே அப்பகுதி ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்கு வந்தது. எனவே தேசிய அணியின் உடைமாற்றும் அறையில் இத்தாலியமும் ஜெர்மனும் கலந்து ஒலிப்பது இயல்பு.

இத்தகைய ஊரில் பிறந்த ஒரு சிறுமியின் பாதை பெரும்பாலும் ஒரே மாதிரி அமைகிறது. அண்ணனோ அப்பாவோ ஆடுவதைப் பார்த்து ஐந்தாறு வயதில் பனித்திடலில் இறங்குகிறாள். பெண்களுக்கென்று தனி இளையோர் அணி அமைக்கும் அளவுக்கு ஊரில் சிறுமியர் இல்லாததால் பையன்களின் அணியிலேயே சேர்க்கப்படுகிறாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரை இது பெரிய நன்மை. வேகமான ஆட்டத்துக்குப் பழகிவிடுகிறாள். அதன் பிறகு பையன்களின் ஆட்டத்தில் உடலால் இடித்துத் தடுப்பது அனுமதிக்கப்படுகிறது, பையன்களின் எடையும் கூடுகிறது. பெண்கள் ஆட்டத்தின் விதிகளோ பொதுவாக அத்தகைய இடித்தலுக்கு இடம் தருவதில்லை. அந்த வயதில் அவள் முன் இரண்டே வழிகள்: பெற்றோர் மாலைதோறும் காரில் அழைத்துச் செல்லத் தயாராக இருந்தால் அடுத்த பள்ளத்தாக்கிலுள்ள பெண்கள் அணியில் சேரலாம், இல்லாவிட்டால் ஆட்டத்தை நிறுத்திவிடலாம். எத்தனை பேர் இரண்டாவது வழியில் போனார்கள் என்பதை எந்தப் புள்ளிப் பட்டியலும் காட்டாது.

சேர்ந்தவளுக்கு என்ன கிடைக்கிறது? உள்நாட்டுப் பெண்கள் சாம்பியன்ஷிப் தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. ஆனால் பல பருவங்களில் சில அணிகளே மோதிக்கொண்டதால், பட்டம் அகோர்தோ, போல்சானோ ஆகிய இரண்டு இடங்களுக்கே பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது. ஒரே தோழியரை ஒரே பருவத்தில் மீண்டும் மீண்டும் சந்திக்கும் லீக் அது. இதற்கு மாற்றாக 2004இல் தொடங்கிய ஈ.டபிள்யூ.ஹெச்.எல். என்னும் எல்லை கடந்த லீக் வந்தது. வியன்னாவின் சேபர்ஸ், சால்ஸ்பர்க், புடாபெஸ்ட் ஆகியவற்றின் அணிகளோடு போல்சானோ ஈகிள்ஸ் அதில்தான் ஆடுகிறது. தரம் உயர்ந்தது, பயணமும் உயர்ந்தது. போல்சானோவிலிருந்து வியன்னாவுக்குச் சாலை வழியே ஏறக்குறைய 600 கி.மீ.; புடாபெஸ்ட் அதைவிடத் தொலைவு. வெள்ளிக்கிழமை வேலையோ வகுப்போ முடிந்து பேருந்தில் ஏறி, சனியும் ஞாயிறும் ஆடி, திங்கட்கிழமை காலை மீண்டும் வேலைக்குப் போகும் வாழ்க்கை இது. ஊதியம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. டுரினில் ஆடியவர்களும் பெரும்பாலும் மாணவிகளும் வேலைக்குச் செல்பவர்களுமே. அன்று எதிரே நின்ற கனடா வீராங்கனைகளோ ஒலிம்பிக் பருவத்தில் மாதக்கணக்கில் ஒன்றாகத் தங்கிப் பயிற்சி பெற்றவர்கள்.

மறுகரை

மலைப்பாதையின் விளக்கம் பயனுள்ளது. ஆனால் இது காரணங்களின் பட்டியலாகவே இருக்கிறது. காரணங்கள் தெரிந்தால் ஆட்டத்தின் தரம் உயர்ந்துவிடுமா? டுரினுக்குப் பின் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். நடத்தும் நாட்டுக்கான இடம் ஒரு தலைமுறையை உருவாக்கியது என்று நிறுவ முடிந்தால் ஏற்கிறேன்.

வெண்பனி

அதற்குத்தான் நாதியா மத்திவியை எடுத்துக்கொண்டேன். அவர் 2000இல் பிறந்த திரெந்தினோ மாகாணத்துப் பெண். டுரினில் அந்த ஐந்து ஆட்டங்கள் நடந்தபோது அவருக்கு வயது ஐந்து. மலைப்பாதை சொன்ன பாதையில் வந்து போல்சானோ ஈகிள்ஸ் அணியில் தடுப்பாட்டக்காரராக வளர்ந்தார். பதின்வயதிலேயே தேசிய அணிக்குள் வந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் இத்தாலி இருந்த நிலையையும் கூறிவிடுகிறேன். பெண்கள் உலகச் சாம்பியன்ஷிப் பல தட்டுகளாக நடக்கிறது. மேல்தட்டுக்குக் கீழே முதல் பிரிவு ஏ, அதற்கும் கீழே முதல் பிரிவு பி. 2018 ஏப்ரலில் முதல் பிரிவு பி போட்டிகள் அசியாகோவில் நடந்தபோது, சொந்த மண்ணில் இத்தாலி முதலிடம் பிடித்து ஏ பிரிவுக்கு உயர்ந்தது. 2019இல் புடாபெஸ்டில் ஏ பிரிவில் ஆடி, தாக்குப்பிடிக்க முடியாமல் மீண்டும் இறங்கியது. ஒரு தட்டு ஏறினால் எதிரே வருபவர்கள் எப்படி மாறிவிடுகிறார்கள் என்பதை அந்த ஒரு வாரம் காட்டியது.

அதே 2019 இலையுதிர் காலத்தில் மத்திவி பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் முதல் நிலையில் ஆடத் தொடங்கினார். என் மதிப்பீட்டில் அவரது ஆட்டவாழ்வின் திருப்பம் இதுதான். தேசிய அணிக்காக அடித்த எந்தக் கோலையும்விட இது பெரிது. வாரத்துக்கு இரண்டு ஆட்டங்கள், அதுவும் அமெரிக்க, கனடிய தேசிய அணிகளுக்குப் போகக்கூடிய பெண்களுக்கு எதிரே. தடுப்பாட்டக்காரரின் கலை எதிரியின் வேகத்தைப் பொறுத்தே வளர்வது. தன்னை நோக்கி வரும் முன்னணி வீராங்கனைக்கும் தனக்குமான இடைவெளியைப் பின்னோக்கிச் சறுக்கியபடியே காத்துக்கொள்வது, பக் (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கப்படும் ரப்பர் வட்டு) கைக்கு வருவதற்கு முன்பே அடுத்து யாருக்கு அனுப்புவது என்று தீர்மானித்துவைப்பது, வலைக்கு முன்னால் எதிரியின் மட்டையைத் தன் மட்டையால் கட்டிப்போடுவது ஆகிய எதையும் மெதுவாக வரும் எதிரியிடம் கற்க முடியாது. டுரினில் இத்தாலியின் தடுப்பு வரிசை தடுமாறியதும் இந்த இடத்தில்தான்: அவர்கள் வாரந்தோறும் பார்த்திராத வேகம் ஒரே நாளில் எதிரே வந்து நின்றது.

கணக்கர்

மத்திவியின் தலைமுறைக்கு இன்னொரு இழப்பும் உண்டு. பெருந்தொற்றால் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் முதல் பிரிவு உலகப் போட்டிகள் நடக்கவில்லை. 2000இல் பிறந்தவருக்கு இருபது, இருபத்தொன்று என்ற வயதுகளில் அந்த ஆட்டங்கள் இல்லாமல் போயின. ஆனால் 2021 இறுதியில் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கான தகுதிச்சுற்றில் இத்தாலி கடைசிக் கட்டம் வரை வந்தது. ஜெர்மனியின் ஃபியூசன் நகரில் ஜெர்மனி, ஆஸ்திரியா, டென்மார்க் ஆகியவற்றோடு ஆடியது. ஜெர்மனியை வென்று டென்மார்க் தகுதி பெற்றது. மறுகரை கேட்ட வளர்ச்சிக்கு இது ஓரளவு சான்று.

மறுகரை

ஓரளவு என்ற சொல்லைக் குறித்துக்கொள்கிறேன். மத்திவியை உருவாக்கியது பாஸ்டன் பல்கலைக்கழகம் என்றால், டுரின் 2006க்கு அதில் என்ன பங்கு? தவிர, இன்றைய இத்தாலிய அணியில் கனடாவிலும் அமெரிக்காவிலும் பிறந்து வளர்ந்த, இத்தாலிய வம்சாவளிப் பெண்கள் கணிசமாக இருக்கிறார்கள். தாத்தா குடிபெயர்ந்து போன நாட்டில் ஹாக்கி கற்று, பேத்தி திரும்பி வந்து ஆடுகிறாள். அப்படியானால் பள்ளத்தாக்குகளின் கதை எங்கே போயிற்று?

மலைப்பாதை

வம்சாவளி ஆட்டக்காரர்கள் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு நேராகத் தேசிய அணிக்கு வந்துவிட முடியாது. சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பின் விதிப்படி, வேறு நாட்டில் வளர்ந்தவர் புதிய நாட்டின் உள்நாட்டுப் போட்டிகளில் தொடர்ந்து இரண்டு பருவங்களாவது ஆடியிருக்க வேண்டும். ஏற்கெனவே இன்னொரு நாட்டுக்காக ஆடியவரென்றால் நான்கு ஆண்டுகள். இந்த விதிதான் பள்ளத்தாக்குகளுக்கு நன்மை செய்தது. உதாரணத்துக்கு ஜாக்கி பியெரி. நியூ ஜெர்சியைச் சேர்ந்தவர், பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர், தொழிலால் பொறியாளர், கனடாவின் கால்கரி இன்ஃபெர்னோ அணியோடு 2016இல் கனடியப் பெண்கள் லீக்கின் கிளார்க்சன் கோப்பையை வென்றவர். அத்தகைய ஒருவர் போல்சானோவில் ஆண்டுக்கணக்கில் ஆடும்போது, அருகே பயிற்சி செய்யும் பதினாறு வயதுப் பெண் ஒவ்வொரு மாலையும் அவருக்கு எதிரே நிற்கிறாள். பாஸ்டனுக்குப் போக முடியாதவளுக்குப் பாஸ்டனின் ஒரு பகுதி ஊருக்கே வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தென்முகம்

ஜப்பானை யாரும் பேசவில்லையே. 1998இல் நாகானோவில் பெண்கள் ஐஸ் ஹாக்கி முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது ஜப்பானும் நடத்தும் நாடாகத்தான் வந்தது. கனடாவிடம் 13–0, பின்லாந்திடம் 11–1, அமெரிக்காவிடம் 10–0, சீனாவிடம் 6–1, சுவீடனிடம் 5–0. மொத்தம் 2 அடித்து 45 வாங்கினார்கள். டுரினின் கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. அதன் பிறகு மூன்று ஒலிம்பிக்குகளுக்கு அவர்களால் தகுதி பெற முடியவில்லை. 2014இல்தான் தங்கள் ஆட்டத்தால் தகுதி பெற்றார்கள். 2018இல் முதல் வெற்றியும் ஆறாம் இடமும், 2022இல் தங்கள் பிரிவில் முதலிடமும். நாகானோவிலிருந்து முதல் வெற்றிக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன.

மறுகரை

ஜப்பான் எடுத்துக்காட்டு என்னைச் சற்று அசைக்கிறது. ஆயினும் ஜப்பான் அந்த இருபது ஆண்டுகளில் தானாகத் தகுதி பெற்றுக் காட்டியது. இத்தாலி 2006 டுரினுக்கும் 2026 மிலானோவுக்கும் இடையே ஒருமுறைகூடத் தகுதி பெறவில்லை. இரண்டாவது முறையும் நடத்தும் நாடாகவே வருகிறது. இந்த வேறுபாட்டை மறைக்க முடியாது.

வெண்பனி

மறைக்கவில்லை. அதனால்தான் வரும் பிப்ரவரியின் முடிவுகளைப் படிக்கும்போது எச்சரிக்கை வேண்டும் என்கிறேன், இரண்டு பக்கமும். போட்டி வடிவம் மாறிவிட்டது. இப்போது பத்து அணிகள். வலிமையான ஐந்தும், அதாவது கனடா, அமெரிக்கா, பின்லாந்து, செக் குடியரசு, சுவிட்சர்லாந்து ஆகியவை ஏ பிரிவில். பி பிரிவில் சுவீடன், ஜெர்மனி, ஜப்பான், பிரான்ஸ், இத்தாலி. ஏ பிரிவின் ஐந்து அணிகளும், பி பிரிவின் முதல் மூன்று அணிகளும் காலிறுதிக்குப் போகும். ஆகவே 2006இல் நடந்ததைப் போல முதல் நாளே கனடாவைச் சந்திக்க வேண்டியதில்லை. மத்திவியின் பெயருக்கு எதிரே எழுதப்படப்போகும் எண்கள் டுரின் பெண்களின் எண்களைவிட நன்றாக இருந்தால், அதில் ஒரு பங்கு இந்த வடிவத்தால் வந்தது. அதை முழுவதும் அவரது திறமையின் கணக்கில் எழுதுவது 2006 அணிக்கு இழைக்கும் அநீதியாகும். பிரான்ஸுக்கும் ஜப்பானுக்கும் எதிரான ஆட்டங்களே என்னைப் பொறுத்தவரை உண்மையான சோதனை. மலைப்பாதையும் நானும் முன்பு பேசிய அந்த இடைத்தளம் ஒலிம்பிக்கிலேயே கிடைக்கப்போகிறது.

டுரினின் பங்கு என்ன என்ற கேள்விக்கு என்னிடம் நேரடிச் சான்று இல்லை, ஆனால் வாய்ப்புகளை ஒப்பிட முடியும். 2006இல் இருபது வயதில் ஆடிய ஒருவருக்கு அடுத்த நாள் போய்ச் சேர உள்நாட்டு லீக்கும், இரண்டே வயதான எல்லை கடந்த லீக்கும்தான் இருந்தன. இன்று அதே வயதில் இருப்பவருக்கு அமெரிக்கக் கல்லூரிகள், சுவீடன் லீக், 2024 ஜனவரியில் ஆறு அணிகளோடு ஆடத் தொடங்கிய வட அமெரிக்கத் தொழில்முறை லீக் ஆகியவை கண்ணுக்குத் தெரிகின்றன. அந்த லீக் 2025–26 பருவத்தில் சியாட்டில், வான்கூவர் அணிகளையும் சேர்த்து எட்டு அணிகள் கொண்டதாயிற்று.

கணக்கர்

ஒரு கேள்வி. தடுப்பாட்டக்காரரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கோல் காப்பாளர்? 48 கோல்கள் வாங்கிய தொடரில் எத்தனை பந்துகளைத் தடுத்திருப்பார்கள் என்று எவரும் கேட்பதில்லை. தெபோரா மொந்தனாரி, லுவானா ஃபிராஸ்னெல்லி ஆகிய இருவரும் டுரினில் அந்த வலைக்கு முன்னால் நின்றார்கள். தடுப்பு வரிசை உடைந்துபோன ஆட்டத்தில் காப்பாளரின் எண்ணிக்கையைக் கொண்டு அவரை அளப்பது, இந்த இழையில் பேசப்பட்ட தவறுகளிலேயே பெரிய தவறு.

மறுகரை

பந்து என்று எழுதியிருக்கிறீர்கள், ஐஸ் ஹாக்கியில் பக், இருக்கட்டும். காப்பாளர்களைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. பிரான்ஸ் ஆட்டம் முடிந்ததும் இங்கேயே தொடர்வோம். அதுவரை என் நிலைப்பாடு: நடத்தும் நாட்டுக்கு இடம் தரலாம், ஆனால் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் முதல் பிரிவில் ஆடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தரலாம்.

மலைப்பாதை

அந்த நிபந்தனை 1998இலும் 2006இலும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் அப்போதே பேசுவோம்.